இடது ஓரத்து ஒரு மீட்டர்

சென்னையில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவரிடம் என்ன கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். பஸ் வந்து ஓரம் கட்டுவது, ஆட்டோ சவாரியைப் பார்த்ததும் குறுக்கே ஒதுங்குவது, மணலில் சறுக்குவது, மழைத் தண்ணீருக்குள் என்ன குழி இருக்கிறது என்று தெரியாதது, பஞ்சர் என்று வரிசையாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவரைக் கேட்டால் பட்டியல் கொஞ்சம் வேறாக இருக்கும். எதிர்காற்று, தூக்கக் கலக்கத்தில் வரும் கார், வழியில் டியூப் போனால் ஒட்டுவதற்குக் கடை இல்லாதது. முதலாமவருக்குச் சைக்கிள் பிழைப்புக்கான வண்டி, இரண்டாமவருக்கு அது வாரம் முழுவதும் காத்திருக்கும் சந்தோஷம். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இந்தப் புகார்களில் பெரும்பாலானவை நடக்கும் இடம் ஒன்றே. சாலையின் இடது விளிம்பில் வடிகாலிலிருந்து உள்ளே ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். சைக்கிளுக்கென்று யாரும் ஒதுக்காமலே ஒதுங்கிப்போன இடம் அது. அந்த ஒரு மீட்டர் ஏன் இப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டால் மேலே சொன்ன கவலைகளில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலைக்கு எதில் போகிறீர்கள்' என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத மற்ற வேலைகள் செய்பவர்கள் நாடு முழுக்க 20 கோடிப் பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் ஏறக்குறைய 2.6 கோடி. பைக், ஸ்கூட்டர், மொபெட் எல்லாம் சேர்த்து 2.5 கோடி. அதாவது அந்த வருடம் வரைக்கும்கூட வேலைக்குப் போகிறவர்களில் பைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் சமமாகத்தான் இருந்தார்கள். வீடுகளில் 45 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது. கார் இருந்தது 5 சதவீதத்துக்கும் குறைவான வீடுகளில். ஆனால் சாலையைப் பார்த்தால் அந்தக் கணக்கு எடுத்த நாட்டின் சாலை மாதிரித் தெரியாது.

சரி, ஓரத்துக்கு வருவோம்.

தார்ச்சாலை தட்டையாக இருப்பதில்லை. மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடாக்கி இரண்டு பக்கமும் சரிவாகப் போடுவார்கள். நம் ஊர் மழைக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு வைப்பது வழக்கம். நடுவிலிருந்து ஓரம் வரை மூன்றரை மீட்டர் என்றால் ஓரம் ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும். தண்ணீர் அங்கே ஓடுகிறது, தண்ணீரோடு மணலும் ஓடுகிறது. மழை இல்லாத நாளிலும் இதே கதைதான். கார், லாரி டயர்கள் தங்கள் பாதையைத் தாங்களே துடைத்துக்கொண்டே போகின்றன. டயர் உதைத்துத் தள்ளும் எம்-சாண்ட், ஜல்லி, கண்ணாடித் துண்டு, ஆணி எல்லாம் யாரும் வேகமாகப் போகாத இடத்தில் போய்த் தங்கும். அந்த இடம்தான் சைக்கிள் போகும் இடம். காய்ந்த தார் மேல் பரவிக் கிடக்கும் மெல்லிய மணலில் நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. லேசாகச் சாய்ந்து திரும்பும்போதோ முன் பிரேக்கை அழுத்தும்போதோதான் அது தன் வேலையைக் காட்டும்.

அடுத்தது மூடிகள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் புதுத் தார் ஏறுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் சாலை வளர்ந்துகொண்டே போகும், பாதாளச் சாக்கடை மூடி இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு மூன்று முறை போட்ட பிறகு மூடி இருக்கும் இடம் ஒரு வட்டப் பள்ளம். வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விடுகிறது என்ற புகார் அதிகமானதால் 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவுக்குக் காரணம் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. சைக்கிளை நினைத்து யாரும் அதைப் போடவில்லை, ஆனால் அது ஒழுங்காக நடக்கும் தெருவில் முதல் ஆளாக அதை உணர்கிறவர் சைக்கிள்காரர்.

எனக்குப் பள்ளத்தைவிடப் பயம் தருவது விளிம்பு. புதுத் தார் வடிகால் வரைக்கும் போகாமல் அரை அடி முன்னாலேயே நின்றுவிடும். அங்கே ஓர் இஞ்ச், இரண்டு இஞ்ச் உயரத்துக்குச் சாலையோடு இணையாக ஒரு வரப்பு ஓடும். பேவர் பிளாக் பதித்த ஓரங்களிலும் தாரும் கல்லும் சேரும் இடத்தில் இதே வரப்புதான். குறுக்கே வரும் மேட்டைச் சைக்கிள் ஏறிவிடும். இணையாக வரும் மேட்டில் ஏறாது. சைக்கிள் விழாமல் நிற்பதே, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாக முன் சக்கரத்தை நாம் அறியாமலே திருப்பிக்கொண்டிருப்பதால்தான். முன் சக்கரம் வரப்பில் உரசிவிட்டால் அந்தத் திருப்பல் தடைப்படும், உடம்பு மட்டும் சாய்ந்துகொண்டே போகும். கீழே இறங்கியவர் மறுபடி சாலைக்கு ஏற வேண்டும் என்றால் நின்று, தூக்கி வைத்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். இதே காரணத்தால்தான் வடிகால் வாய்க்குப் போடும் இரும்புக் கம்பிச் சட்டமும் ஆபத்து. கம்பிகள் சாலைக்குக் குறுக்கே இருந்தால் கடகடவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். சாலையோடு இணையாக இருந்தால் 25 மில்லிமீட்டர் டயர் நேராக உள்ளே இறங்கிவிடும். சட்டத்தைப் பதிக்கும்போது ஒரு கால்சுற்றுத் திருப்பி வைத்தால் முடிந்தது. செலவு ஒரு பைசா கூட அதிகம் இல்லை.

அனுபவம் உள்ள சைக்கிள்காரர்கள் விளிம்பை ஒட்டிப் போகாமல் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போவதற்குக் காரணம் இதுதான். பின்னால் வருபவருக்கு இது திமிராகத் தெரியும். 'ஓரமாப் போய்யா' என்ற குரல் வரும். இடப்பக்கமாகப் போ என்பது விதி, சாக்கடை மூடி மேலே போ என்று எந்த விதியும் சொல்லவில்லை. இன்னொரு விஷயம், விளிம்போடு ஒட்டிப் போகிறவரைத் தாண்டும்போது பின்னால் வரும் கார் தன் பாதையை விட்டு விலகுவதே இல்லை. 'இடம் இருக்கிறது' என்ற நினைப்பில் அப்படியே உரசிக்கொண்டு போகும். கொஞ்சம் உள்ளே இருந்தால்தான் ஓட்டுநர் யோசிக்கிறார், விலகுகிறார் அல்லது காத்திருக்கிறார். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று சட்டத்திலேயே அளவு போட்டிருக்கிறார்கள். நம்மிடம் அப்படி மீட்டர் கணக்கு இல்லை. போதுமான இடைவெளி என்றால் எவ்வளவு என்பதை அவரவர் மனசாட்சியும் ஹாரனும் முடிவு செய்கின்றன.

பஸ்ஸோடு ஒரு கண்ணாமூச்சி

பஸ்ஸைப் பற்றிச் சைக்கிள்காரர்கள் பேசும்போது குரல் மாறும். பஸ் ஓட்டுநர்கள் குணம் கெட்டவர்கள் என்பது காரணமில்லை. பிரச்சினை கணக்கில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலை மாதிரியான இடத்தில் மாநகரப் பேருந்தின் சராசரி வேகமும் நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் சராசரி வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சைக்கிள் சீராகப் போகும். பஸ் வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடும். சராசரி ஒன்றாகவும் தாளம் வேறாகவும் இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். பஸ் தாண்டும், நிறுத்தத்தில் இடப்பக்கம் ஒதுங்கும். சைக்கிள் அதை வலப்பக்கமாகச் சுற்றிப் போகும். பஸ் கிளம்பி மறுபடி தாண்டும். சைதாப்பேட்டையில் பார்த்த அதே பஸ்ஸை நந்தனத்திலும் தேனாம்பேட்டையிலும் பார்ப்பீர்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு முறை குறுக்கே போக வேண்டியிருக்கிறது, இரண்டுமே ஆபத்தான நேரங்கள். பஸ் ஓட்டுநருக்கும் இது எரிச்சல்தான். இடப்பக்கக் கண்ணாடியில் ஏறி இறங்கும் கூட்டத்தைப் பார்ப்பாரா, அதற்கும் கீழே எங்கோ மறைந்திருக்கும் சைக்கிளைப் பார்ப்பாரா?

இதற்கு ஒரே கைமருந்து விட்டுக்கொடுப்பது. அடுத்த நிறுத்தம் தெரிகிறது, பஸ் தாண்டிவிட்டது என்றால் மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்து அதை முன்னே போகவிட்டு, அது கிளம்பும்வரை பின்னாலேயே நிற்பது. நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையே நுழைவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அங்கே இறங்குகிறவர் காலை வைக்கிறார். ஷேர் ஆட்டோவுக்கு நிறுத்தம் என்று தனியாக எதுவும் கிடையாது, கை காட்டிய இடமெல்லாம் நிறுத்தம். அதனால் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் போகிறவர் அதன் ஓட்டுநரைப் பார்ப்பதைவிட நடைபாதையில் நிற்கும் ஆளின் கையைப் பார்ப்பது நல்லது. ஓட்டுநரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு இன்னொரு வகை. கதவு திறந்தால் வெளியே ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். மறுபடியும் அதே ஒரு மீட்டர். காருக்குள் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பார்த்துக்கொண்டே போவது பழகிவிட்டவர்களுக்குச் சுவாசம் மாதிரி.

சிக்னல்களில் ஃப்ரீ லெஃப்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் திரும்புகிறவர்கள் சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டியதில்லை. நேராகப் போக வேண்டிய சைக்கிள்காரர் ஓரத்தில் நின்றால் அவர் அந்த வழியை அடைத்துக்கொண்டிருக்கிறார், பின்னால் ஹாரன் கிழியும். நிற்காமல் நகர்ந்தால் இடப்பக்கம் வெட்டும் வண்டிகள் அவர் மேலேயே திரும்பும். ஓரத்தில் போவதுதான் பத்திரம் என்ற நம்பிக்கை முற்றிலும் தலைகீழாகும் இடம் சந்திப்புதான். வலப்பக்கம் திரும்புவது இன்னும் சிக்கல். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர, வேகமாக வரும் இரண்டு மூன்று வரிசையைக் குறுக்கே கடக்க வேண்டும். பழகியவர்கள் அதைச் செய்வதில்லை. பச்சை விளக்கில் நேராகப் போய் எதிர்மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பச்சைக்குக் காத்திருந்து மறுபடி நேராகப் போவார்கள். ஒரு திருப்பம் இரண்டு நேர்ப்பயணமாகிவிடுகிறது. ஒரு நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இந்த வித்தையும் பலிக்காத இடம் கத்திப்பாரா. 2008இல் திறந்த அந்த மேம்பாலம் நான்கு பக்கமும் வளையங்கள் விரிந்து, நிற்காமல் திரும்பிப் போவதற்காகவே கட்டியது. நிற்காமல் என்பதுதான் அதன் அழகு, சைக்கிளுக்கு அதுவேதான் சிக்கல். ஒவ்வொரு வளையமும் வந்து சேரும் இடத்தில் இடப்பக்கத்திலிருந்து வண்டிகள் வேகம் குறையாமல் கலக்கும். ஓரத்தில் வந்துகொண்டிருந்த சைக்கிள்காரர் தான் ஒன்றும் செய்யாமலேயே திடீரென்று நடுச்சாலையில் இருப்பார். இரண்டு பக்கமும் வண்டி. கலக்க வரும் ஓட்டுநரோ தன் வலது தோள் பக்கம் திரும்பி, வேகமாக வரும் கார்களுக்கு நடுவே இடைவெளி தேடிக்கொண்டிருக்கிறார். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் மெல்லிய உருவம் அவர் தேடலிலேயே இல்லை. கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகும் கட்டடத் தொழிலாளர்கள் பலர் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். பின் கேரியரில் தூக்குச்சட்டி, ஹேண்டில்பாரில் பை. ஹெல்மெட் கிடையாது, பின்விளக்கு கிடையாது. சைக்கிள் ஓட்டுவது பற்றி எழுதுகிற, பேசுகிற ஆட்களின் கணக்கில் அவர்கள் வருவதும் அபூர்வம்.

பஞ்சர் கடையில் மாறியது

ஓரத்தில் ஒதுங்கிய குப்பைதான் பஞ்சருக்கும் காரணம். ஆணியைவிட அதிகமாகக் குத்துவது மயிர் அளவு மெல்லிய இரும்புக் கம்பி. நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளே பின்னியிருக்கும் எஃகுக் கம்பிகள் துண்டு துண்டாக உதிர்ந்து கிடக்கும். வெளியே கண்ணுக்குத் தெரியாது. டியூபை ஒட்டிப் போட்டால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். நல்ல கடைக்காரர் டியூபைக் கழற்றியதும் முதலில் டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் விரல் நிற்கும். நகத்தால் நெம்பி, குறடால் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அதன் பிறகுதான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பது, அரத்தால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுவது எல்லாம். இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குத்தியது எதுவும் இல்லை, காற்று குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு பக்கமும் கிழிந்திருக்கும். இதைப் பாம்புக் கடி என்பார்கள்.

அந்தத் தண்ணீர்த் தொட்டி இப்போது பல கடைகளில் இல்லை. ஸ்கூட்டரும் பைக்கும் டியூப்லெஸ் டயருக்கு மாறிவிட்டன. டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகினால் வேலை முடிந்தது. சைக்கிள் டியூபுக்காகத் தனியாகச் சொல்யூஷனும் ஒட்டும் வைத்திருந்து என்ன லாபம் என்று கடைக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போதாக்குறைக்கு வால்வு. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில் சின்ன ரப்பர்க் குழாய் போட்ட வால்வு. இப்போதைய கியர் சைக்கிள்களில் பைக்கில் இருப்பதே இருக்கும், அதற்கு எங்கேயும் காற்று கிடைக்கும். ரேஸ் வகைச் சைக்கிளில் வருவது ஊசி மாதிரி மெல்லியது, பைக் கம்ப்ரசரின் வாய் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் உண்டு, அதைத் திருகினால் எந்தக் கடையிலும் அடிக்கலாம். அதுவும் ஒரு மாற்று டியூபும் கைப்பம்பும் சீட்டுக்கு அடியில் இருந்தால் ஈசிஆர் பயணத்தில் பாதிப் பயம் போய்விடும். கடை இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: கம்ப்ரசர் ஆள் பைக் பழக்கத்தில் முப்பது பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் நிறுத்திவிடுவார். மெல்லிய டயருக்கு எண்பது, தொண்ணூறு வேண்டும் என்றால் நம்ப மாட்டார். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டினால்தான் உண்டு.

காற்று என்றதும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் பெரிய கவலை ஞாபகம் வருகிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், நேர் தெற்கு. மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மலையில்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வீசும். போகும்போது முதுகில் தள்ளும், 'இன்றைக்கு என்ன இவ்வளவு வேகமாகப் போகிறேன்' என்று பெருமையாக இருக்கும். முட்டுக்காடு, கோவளம் எல்லாம் பறந்து போகும். திரும்பும்போது தெரியும். எதிரே வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காக ஏறும். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் மேற்கு, தென்மேற்குக் காற்று. போகும்போது கஷ்டம், வரும்போது லேசு. புதிதாக வருகிறவர்களை இந்த மாதங்களில்தான் நீண்ட தூரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் அவர்கள் ஜனவரியில்தான் வருகிறார்கள், புத்தாண்டு உறுதிமொழியோடு.

குழுவாகப் போகிறவர்கள் விடியலுக்கு முன் கிளம்புவது வெயிலுக்குப் பயந்து. ஏப்ரல், மே மாதங்களில் எட்டு மணிக்கே தார் கொதிக்க ஆரம்பித்துவிடும். அதனால் இன்னொரு ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதிகாலை மூன்று முதல் ஆறு வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம், இரவெல்லாம் ஓட்டி வரும் ஓட்டுநரின் கண் செருகுவது அப்போதுதான். சாலை காலியாக இருப்பதால் வேகமும் அதிகம். பின்னால் சிமிட்டும் சிவப்பு விளக்கு அந்த நேரத்தில் ஹெல்மெட்டைவிட முக்கியம் என்பேன். ஹெல்மெட் விழுந்த பிறகு உதவும், விளக்கு விழாமலிருக்க உதவும். இரண்டும் இருந்தால் வாதமே இல்லை. நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணமான பிரெவேயில் இருநூறு கிலோமீட்டர் போகிறவர்களிடம் இரண்டும் கட்டாயம் இருக்கும், அங்கே விதியே அப்படி. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அதாவது நிறுத்தங்கள், டீ, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். அண்ணா சாலையில் காலை பஸ்ஸோடு போட்டிபோடும் அதே வேகம்தான் அது, ஆனால் அதை நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

அலுவலகம் போய்ச் சேர்ந்தாலும் கதை முடிவதில்லை. குளிக்க இடம் இருக்காது. சென்னையின் புழுக்கத்தில் வியர்வை காய்வதற்கே அரை மணி நேரம் ஆகும். துணியைப் பையில் கொண்டுபோய் ஈரத்துண்டால் துடைத்து மாற்றிக்கொள்வதுதான் எல்லாரும் செய்வது. நிறுத்துமிடத்தில் பைக்குகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளி கிடைக்கும். கட்டிப் பூட்டுவதற்கு ஒரு கம்பி இருக்காது. வளையும் கேபிள் பூட்டைச் சின்னக் கட்டர் ஒன்று நிமிஷத்தில் வெட்டிவிடும் என்பது திருடர்களுக்கு நன்றாகத் தெரியும், வாங்குகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

எண்ணினால்தான் பாதை, பாதை வந்தால்தான் எண்ணிக்கை

அந்த ஒரு மீட்டரைச் சரிசெய்ய யாருக்கும் வழி தெரியாமல் இல்லை. சாலைக்கான தொழில்நுட்ப அளவுகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் 1962லேயே சைக்கிள் பாதைக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. ஒரு சைக்கிளுக்கு ஒரு மீட்டர் வரிசை, பாதை குறைந்தது இரண்டு மீட்டர் அகலம் என்று அதில் இருக்கிறது. மணிக்கு 200க்கும் மேல் மோட்டார் வண்டி ஓடும் சாலையில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப் பாதை போடலாம் என்றும் சொல்கிறது. 2015இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். நம் நகரத்தின் எந்தப் பெரிய சாலையிலும் 200 வண்டி என்பது நெரிசல் நேரத்தில் சில நிமிஷக் கணக்கு. ஆனால் 100 சைக்கிள்? அங்கேதான் முடிச்சு விழுகிறது. பயந்து வராதவர்களை எண்ணும் கருவி எதுவும் இல்லை. சாலையோரம் நின்று எண்ணினால் சைக்கிள் குறைவாகத்தான் வரும். குறைவாக வருவதால் பாதை வேண்டாம் என்று முடிவாகும். பாதை இல்லாததால் அடுத்த முறை எண்ணும்போது இன்னும் குறையும்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதத்தை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் என்பது அதன் இலக்கு. அப்போது இந்தியாவிலேயே முன்னோடி என்று பேசப்பட்டது. அதன் பிறகு பல தெருக்களில் நடைபாதை அகலமானது உண்மை. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அதில் பெயர் பெற்றது. நடப்பவருக்குக் கிடைத்தது சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு வகையில் இடம் குறைந்தது என்றே சொல்லலாம். நடைபாதை அகலமானது, கார் வரிசைகள் அப்படியே இருந்தன, நடுவில் இருந்த அந்த ஒரு மீட்டரைத்தான் இரண்டும் பங்குபோட்டுக்கொண்டன.

சட்டமும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தத்தில், மோட்டார் இல்லாத வண்டிகளும் நடப்பவர்களும் சாலைகளைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி வகுக்கலாம் என்று 138ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்ந்தது. இதை வைத்துச் சைக்கிளுக்குப் பாதுகாப்பும் கொடுக்கலாம், 'இந்தச் சாலையில் சைக்கிள் வராதே' என்று பலகையும் மாட்டலாம். அதே திருத்தத்தில் 198அ என்ற பிரிவு, சாலையை வடிவமைப்பவரோ போடுபவரோ பராமரிப்பவரோ பாதுகாப்பு அளவுகளைப் பின்பற்றாமல் அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. நாட்டில் ஆண்டுக்கு 4,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் சிலருடைய கடைசி மீட்டர் தப்பாகப் பதித்த ஒரு மூடியாகவோ விளிம்பாகவோ இருந்திருக்கலாம். வழக்கு என்னவோ பின்னால் வந்த வண்டி மேல் மட்டும்தான் பதிவாகும்.

இதில் எனக்குப் புரியாத முரண் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு அதை விரிவாக்கியது. வருடாவருடம் லட்சக்கணக்கில் புதுச் சைக்கிள் சாலைக்கு வருகிறது. இவ்வளவு பெரிய சைக்கிள் திட்டம் வைத்திருக்கும் அரசு, அந்தச் சைக்கிள் போகும் ஓரத்தை ஒரு திட்டமாகப் பார்த்ததில்லை. புறநகர்ப் பக்கம் பள்ளி விடும் நேரத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் அக்கம்பக்கமாகப் பேசிக்கொண்டே மிதித்து வருவதைப் பார்க்கலாம். பின்னால் லாரி ஹாரன் அடித்ததும் ஒருத்தி முன்னே போய் ஒற்றை வரிசையாவாள், லாரி போனதும் மறுபடி ஜோடி சேர்ந்துவிடுவார்கள். கல்லூரிக்குப் போனதும் அந்தச் சைக்கிள் தம்பிக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விடும். அவர்களுக்குச் சைக்கிள் பிடிக்காமல் போனதாக நான் நினைக்கவில்லை.

இப்போது பழைய மாமல்லபுரம் சாலையான ஓஎம்ஆரில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. மாதவரத்திலிருந்து வரும் தடம் சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகிறது. சாலை நடுவே தகரத் தடுப்பு, இரண்டு பக்கமும் குறுகிய வழி, ஓரத்து ஒரு மீட்டர் சுத்தமாக இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமிருந்து ஐடி வளாகங்களுக்குச் சைக்கிளில் போனவர்கள் பலர் வண்டியை வீட்டில் வைத்துவிட்டார்கள். வேலை முடிந்து தடுப்புகளை எடுக்கும்போது அந்தச் சாலையை அடியிலிருந்து புதிதாகப் போட்டாக வேண்டும். நடுவே தூண், இரண்டு பக்கமும் எத்தனை வரிசை, நடைபாதை எவ்வளவு, வடிகால் எங்கே என்றெல்லாம் அதற்கான வரைபடத்தில் முடிவாகிவிடும். கோடு போட்ட பிறகு புகார் கொடுத்துப் பயனில்லை. மெட்ரோ நிலையத்துக்கு வெளியே சைக்கிளைக் கட்டிப் பூட்ட ஒரு கம்பி வேண்டும் என்று கேட்பதற்கும் அதுதான் நேரம்.